பக்கவிளைவைச் சொல்வது பயமுறுத்துவதல்ல

கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்ணிடம் கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: ‘மறக்காமல் சாப்பிடுகிறாயா?’ சாப்பிட்ட பிறகு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. அவளாகவே வாய் திறந்து சொன்னாலும், ‘ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும்’ என்ற ஒற்றை வரியில் பேச்சு முடிந்துவிடுகிறது. குமட்டல், மார்பில் கனம், தலைவலி, தேதி தப்பி வரும் உதிரக் கறை, காரணம் தெரியாத எரிச்சல் என எல்லாவற்றோடும்தான் அவள் சமைக்கிறாள், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறாள், வேலைக்கு ஓடுகிறாள். கரு தரிக்கவில்லை என்றால் மாத்திரை வேலை செய்துவிட்டது என்று கணக்கு எழுதப்படுகிறது. அவள் பட்ட பாடு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

இந்த மாத்திரை கெட்டது என்று வாதிட நான் வரவில்லை. படிப்பை முடிக்கவும், வேலையில் நிலைபெறவும், அடுத்தடுத்த பிரசவங்களில் உடம்பு உருக்குலையாமல் காத்துக்கொள்ளவும் உலகெங்கும் கோடிக்கணக்கான பெண்களுக்கு இது கைகொடுத்திருக்கிறது. கருப்பைப் புற்றுநோய், சினைப்பைப் புற்றுநோய் ஆகியவற்றின் அபாயத்தையும் இது குறைக்கிறது. நான் சொல்ல வருவது இதுதான்: பக்கவிளைவை முன்கூட்டியே சொல்வதும், வந்த பிறகு காது கொடுத்துக் கேட்பதும், ஒத்துக்கொள்ளாவிட்டால் மாற்று வழி காட்டுவதும் சிகிச்சையின் பகுதி. இந்தப் பகுதியை நாம் செய்யாமல் விட்டிருக்கிறோம். அதனால்தான் பல பெண்கள் மாத்திரையையும் நம்புவதில்லை, அதைக் கொடுப்பவர்களையும் நம்புவதில்லை.

பாதியில் நின்ற அட்டை

திருப்பூரில் பனியன் கம்பெனியில் பவர் டேபிளில் தைக்கும் ஒரு பெண்ணை எனக்கு நன்றாகத் தெரியும். முதல் குழந்தைக்கு ஒன்றரை வயதானபோது, அடுத்தது இப்போதைக்கு வேண்டாம் என்று அரசு இலவசமாகக் கொடுக்கும் மாலா-என் அட்டையை வாங்கினார். அட்டையில் 28 மாத்திரைகள். அவற்றில் 21 வெள்ளை, 7 பழுப்பு. வெள்ளையில் ஹார்மோன், பழுப்பில் இரும்புச்சத்து. இந்த வேறுபாட்டை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

காலையில் டீ குடித்த கையோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஷிஃப்டுக்குப் போவார். பத்து மணிக்குள் குமட்டல் தொடங்கிவிடும். “ஊசி ஓடற வேகத்தப் பாத்தாலே உமட்டிட்டு வருதுங்க்கா. எந்திரிச்சுப் போனா சூப்பர்வைசர் வாட்சப் பாக்கறாரு” என்றார். இரண்டாவது வாரத்தில் லேசாக உதிரம் பட்டது. அது மாதவிலக்கா, வேறு ஏதாவதா என்று புரியவில்லை. மாமியாரிடம் கேட்க வழியில்லை. மாத்திரை சாப்பிடுவதே அவருக்குத் தெரியாது. அட்டை துவரம்பருப்பு டப்பாவுக்குள் ஒளிந்திருந்தது. நர்ஸம்மாவிடம் சொன்னபோது, “போகப் போகச் சரியாப் போயிரும் கண்ணு” என்று ஆறுதல் மட்டும் கிடைத்தது. பழுப்பு மாத்திரை போட்ட நாட்களில் மலம் கறுத்துப் போனதும், வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது என்று பயந்துவிட்டார். இரண்டாவது அட்டை பாதியில் நின்றது. சில மாதங்களில் மறுபடியும் கர்ப்பம்.

அவருக்குத் தேவைப்பட்டது ஐந்து நிமிடப் பேச்சு. மாத்திரையை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டல் பெரும்பாலும் தூக்கத்திலேயே கழிந்துவிடும். தினமும் ஒரே நேரத்தில் சாப்பிட்டால் இடையில் உதிரம் படுவது குறையும். முதல் இரண்டு மூன்று மாதங்கள் அது சகஜம், ஆபத்து கிடையாது. போட்ட இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு மாத்திரை போட வேண்டும். இரும்புச்சத்து மலத்தைக் கறுப்பாக்கும். மூன்று மாதம் கழித்தும் தொல்லை தீராவிட்டால் திரும்பி வாருங்கள், வேறு வழி பார்க்கலாம். இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லியிருந்தால் அவர் பயந்திருக்க மாட்டார். நிறுத்தினாலும் மாற்று ஏற்பாட்டோடு நிறுத்தியிருப்பார்.

இது ஒருவரின் கதை மட்டுமல்ல. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நவீன கருத்தடை முறைகளைப் பயன்படுத்தும் பெண்களில் அதன் பக்கவிளைவு பற்றி எப்போதாவது எடுத்துச் சொல்லப்பட்டவர்கள் சுமார் 62 சதவீதம். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் இது பாதிக்கும் குறைவு. முன்னேற்றம்தான். ஆனாலும் பத்தில் கிட்டத்தட்ட நான்கு பெண்கள் தங்கள் உடம்புக்குள் போவது என்ன செய்யும் என்று தெரியாமலேயே அதை ஏற்றிருக்கிறார்கள்.

புவெர்டோ ரிக்கோ பெண்கள் சொன்னது

பெண்கள் சொல்வதை நம்பாமல் விடும் பழக்கம் இந்த மாத்திரையோடு சேர்ந்தே பிறந்தது. 1956இல் அமெரிக்க விஞ்ஞானி கிரிகரி பின்கஸும் மகப்பேறு மருத்துவர் ஜான் ராக்கும் தங்கள் மாத்திரையின் பெரிய அளவிலான முதல் சோதனையைப் புவெர்டோ ரிக்கோவில், ரியோ பியட்ராஸ் பகுதியின் குடியிருப்பு ஒன்றில் தொடங்கினார்கள். பங்கேற்றவர்கள் ஏழைப் பெண்கள். கர்ப்பத்தைத் தடுக்கும் மாத்திரை என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. இன்னும் சோதனையில் இருக்கும் மருந்து என்று சொல்லப்படவில்லை. அங்கே பொறுப்பிலிருந்த மருத்துவர் எட்ரிஸ் ரைஸ்-ரே, மாத்திரை கருவைத் தடுப்பதில் முழு வெற்றி என்றும், ஆனால் 17 சதவீதப் பெண்களுக்குக் குமட்டல், தலைசுற்றல், தலைவலி, வயிற்றுவலி, வாந்தி வருகிறது என்றும், பொதுப் பயன்பாட்டுக்கு ஏற்க முடியாத அளவுக்குப் பக்கவிளைவுகள் இருக்கின்றன என்றும் அறிக்கை கொடுத்தார். பின்கஸும் ராக்கும் அதை ஏற்கவில்லை. அந்தத் தொல்லைகளில் பெரும்பகுதி மனத்தால் வருவது என்று ஒதுக்கினார்கள்.

எனோவிட் என்ற பெயரில் வந்த அந்த மாத்திரையில் 10 மில்லிகிராம் புரொஜஸ்டின் ஹார்மோன் இருந்தது. இன்றைய மாலா-என் மாத்திரையில் இருக்கும் வேறுவகைப் புரொஜஸ்டினின் அளவு 0.15 மில்லிகிராம். ஈஸ்ட்ரோஜனும் அன்று 150 மைக்ரோகிராம். இன்று வழக்கமாக 20 முதல் 35 மைக்ரோகிராம். வகைகள் வேறு என்பதால் எண்ணுக்கு எண் ஒப்பிட முடியாது. ஆனாலும் கருவைத் தடுக்கத் தேவையானதைவிட மிக அதிகமான ஹார்மோனை அந்தப் பெண்கள் விழுங்கினார்கள் என்பது பின்னாளில் உறுதியானது. அவர்களுடைய வாந்தி உண்மையான வாந்திதான்.

அமெரிக்காவில் 1960இல் மாத்திரைக்குக் கருத்தடை அனுமதி கிடைத்தது. ரத்தக்கட்டுச் செய்திகள் வரத் தொடங்கின. பார்பரா சீமன் என்ற பத்திரிகையாளர் 1969இல் மாத்திரையின் ஆபத்துகள் பற்றி எழுதிய புத்தகத்தின் விளைவாக, 1970 ஜனவரியில் செனட்டர் கேலார்ட் நெல்சன் தலைமையில் விசாரணை நடந்தது. மருத்துவர்களும் விஞ்ஞானிகளும் சாட்சியம் சொன்னார்கள். மாத்திரை சாப்பிட்ட ஒரு பெண்ணைக்கூட அழைக்கவில்லை. பெண்ணுரிமைச் செயல்பாட்டாளர் ஆலிஸ் வுல்ஃப்சனும் தோழிகளும் பார்வையாளர் இருக்கையிலிருந்து எழுந்து, எங்களிடம் ஏன் கேட்கவில்லை என்று குரல் எழுப்பினார்கள். அந்தப் போராட்டத்தின் பலனாகத்தான் பயன்படுத்தும் பெண்ணே படிப்பதற்கான தகவல் தாள் மாத்திரைப் பெட்டிக்குள் வந்தது. குறைந்த அளவு ஹார்மோன், தகவல் தாள் என இன்றைய பெண் அனுபவிக்கும் பாதுகாப்புகள், முந்தைய தலைமுறைப் பெண்கள் புகார் சொன்னதால் கிடைத்தவை.

எது தொல்லை, எது ஆபத்து

மாத்திரையில் இருக்கும் ஹார்மோன் கருப்பையைத் தேடிப் போய் அங்கே மட்டும் வேலை செய்வதில்லை. ரத்தத்தில் கலந்து மூளைக்கும் கல்லீரலுக்கும் மார்பகத்துக்கும் தோலுக்கும் போகிறது. மூளையிலிருந்து வரும் சமிக்ஞையைத் தணித்துக் கருமுட்டை வெளிவருவதை நிறுத்துகிறது. கருப்பை வாய்ச் சளியைக் கெட்டியாக்குகிறது. அதே ஈஸ்ட்ரோஜன் கல்லீரலில் ரத்தம் உறைவதற்கான புரதங்களைக் கூட்டுகிறது. சிலருக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது. சிலருக்கு முகத்தில் மங்கு படர்கிறது. தாம்பத்திய ஆசை குறைவதாகச் சில பெண்கள் சொல்கிறார்கள். அதைக் கணவரிடம்கூடச் சொல்லக் கூசுகிறார்கள்.

ரத்தக்கட்டு அரிதானது, ஆனால் உயிருக்கு உலை வைக்கக் கூடியது. ஐரோப்பிய மருந்து முகமை 2013இல் வெளியிட்ட கணக்கின்படி, மாத்திரை சாப்பிடாத, கர்ப்பமில்லாத 10,000 பெண்களில் ஆண்டுக்கு 2 பேருக்கு ரத்தக்கட்டு வரலாம். லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற புரொஜஸ்டின் உள்ள மாத்திரையில் இது 5 முதல் 7 பேர். டிரோஸ்பிரினோன், டெசோஜெஸ்ட்ரல் போன்றவை உள்ள மாத்திரைகளில் 9 முதல் 12 பேர். கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களிலும் இந்த அபாயம் மாத்திரையால் வருவதைவிட அதிகம். இரண்டு உண்மைகளையும் சேர்த்துச் சொன்னால்தான் ஒரு பெண் சரியாக முடிவெடுக்க முடியும்.

அதனால் மாத்திரையைக் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. கண்ணில் மின்னல்கோடுகள் தெரிந்து பிறகு ஒற்றைத் தலைவலி வருகிறதா? ரத்த அழுத்தம் எவ்வளவு? குடும்பத்தில் யாருக்காவது இளம் வயதில் ரத்தக்கட்டு வந்ததா? பிரசவமாகி எத்தனை வாரம், தாய்ப்பால் கொடுக்கிறாரா? காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறாரா, வலிப்புக்கு ஃபெனிட்டாயினோ கார்பமசெபைனோ சாப்பிடுகிறாரா? இந்த மருந்துகள் கருத்தடை மாத்திரையின் பலனையே குறைத்துவிடும். காசநோய்ச் சுமை அதிகமுள்ள நாட்டில் இதைக் கேட்காமல் விடுவது பெரும் கவனக்குறைவு.

கூடவே, உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அறிகுறிகளையும் சொல்லியாக வேண்டும்: ஒரு பக்கக் கெண்டைக்காலில் வீக்கமும் கடும் வலியும், நெஞ்சுவலி, திடீர் மூச்சுத்திணறல், இதுவரை வராத கொடுமையான தலைவலி, பார்வை மங்குதல், பேச்சுக் குழறல், தாங்க முடியாத வயிற்றுவலி. இந்தச் சிறு பட்டியல் அட்டையின் மேலேயே தமிழில் இருக்க வேண்டும்.

பெயர் மறைக்கப்படும் மாத்திரை

தமிழ்நாட்டில் பாதிக்கு மேற்பட்ட மணமான பெண்களுக்குக் கருத்தடை என்றால் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்தான். பலர் இருபதுகளிலேயே செய்துகொள்கிறார்கள். கருத்தடைக்காக மாத்திரை சாப்பிடுபவர்கள் மிகச் சிலரே. ஆனால் இதே ஹார்மோன் கலவை வேறு வழியில் நம் வீடுகளுக்குள் வருகிறது. நீர்க்கட்டி, ஒழுங்கற்ற மாதவிலக்கு, தாங்க முடியாத வயிற்றுவலி, முகப்பரு ஆகியவற்றுக்காகக் கல்லூரி மாணவிகளுக்கும் மணமாகாத இளம்பெண்களுக்கும் இது எழுதித் தரப்படுகிறது. பல நேரம் சரியான சிகிச்சையும்கூட. ஆனால் ‘கருத்தடை’ என்று சொன்னால் அம்மா பதறிவிடுவார் என்று, ‘பீரியட்ஸ் சரியாக வருவதற்கு ஹார்மோன் மாத்திரை’ என்று மட்டும் சொல்லி அனுப்புகிறார்கள்.

இந்தச் சங்கடம் ஆபத்தில் முடியலாம். கால் வீங்கி அவசரப் பிரிவுக்கு வரும் பெண்ணிடம், ‘என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?’ என்று மருத்துவர் கேட்கும்போது, அவளுக்கு அதன் உண்மையான அடையாளம் தெரிந்திருக்க வேண்டாமா? கல்யாணம், கோயில் கொடை, கிரகப்பிரவேசம் என்று மாதவிலக்கைத் தள்ளிப்போட மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் நாரெத்திஸ்டிரோன் மாத்திரைக்கும் இதே பேச்சு பொருந்தும். எந்த விசாரணையும் இல்லாமல் கத்தரித்துக் கொடுக்கப்படும் அந்தத் துண்டு அட்டையோடு எந்தத் தாளும் வருவதில்லை. அவசரக் கருத்தடை மாத்திரையோ இதற்கு நேரெதிர்: மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று 2005இல் அனுமதி வந்தும், தமிழ்நாட்டின் மருந்துக்கடைகளில் அதைத் தேடிக் கண்டுபிடிப்பது சிரமம். மாத்திரையைப் பற்றிய மௌனம் ஒரு பக்கம் கேள்வியில்லாமல் விற்க வைக்கிறது, இன்னொரு பக்கம் கேட்டாலும் கிடைக்காமல் செய்கிறது.

மனத்தில் நடப்பதும் உடம்பில் நடப்பதுதான்

பக்கவிளைவுகளில் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது மனநிலை மாற்றம். டென்மார்க்கில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2016இல் வெளியான ஆய்வு, ஈஸ்ட்ரோஜனும் புரொஜஸ்டினும் சேர்ந்த கலவை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் முதன்முறையாக மனச்சோர்வு மருந்து எடுக்கத் தொடங்கும் வாய்ப்பு, சாப்பிடாதவர்களைவிட 1.2 மடங்கு இருந்ததாகக் கண்டது. 15 முதல் 19 வயதுக்குட்பட்டவர்களில் இது 1.8 மடங்கு. மாத்திரைதான் காரணம் என்று இந்த ஆய்வு மட்டும் நிரூபித்துவிடாது. பெரும்பாலான பெண்களுக்கு இப்படி எதுவும் நேர்வதில்லை. ஆனால் பதினெட்டு வயதுப் பெண், மாத்திரை தொடங்கிய பிறகு எதற்கெடுத்தாலும் அழுகை வருகிறது என்று சொன்னால், அதைப் பரீட்சைப் பயம், செல்லம், பிடிவாதம் என்று தள்ளிவிடக் கூடாது என்பதற்கு இது போதும்.

மறுபுறம், மிகைப்படுத்தும் குரல்களும் இருக்கின்றன. மாத்திரை சாப்பிட்டால் பிறகு குழந்தையே பிறக்காது, உடம்பு ஊதிப்போகும் என்று தெருவிலும் கைபேசியிலும் பேச்சு சுற்றுகிறது. மாத்திரையை நிறுத்திய பிறகு கருத்தரிக்கும் திறன் திரும்பிவிடுகிறது. கலவை மாத்திரை உடல் எடையைக் கணிசமாகக் கூட்டுகிறது என்பதற்கு இதுவரையிலான ஆய்வுத் தொகுப்புகளில் வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் இந்த வதந்திகளை வெறும் மறுப்பால் ஒழிக்க முடியாது. உண்மையான குமட்டலை ‘ஒன்றுமில்லை’ என்று சொன்ன வாயே, ‘குழந்தை பிறக்கும், பயப்படாதே’ என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

சொன்னால் பெண்கள் பயந்து ஓடிவிடுவார்கள் என்ற எண்ணமும் தவறு. சீனாவில் கருத்தடை ஊசி போட்டுக்கொண்ட பெண்களிடையே நடந்த ஆய்வு 1996இல் வெளியானது. மாதவிலக்கு தாறுமாறாகும் என்பது உள்பட எல்லாம் முன்பே விரிவாக எடுத்துச் சொல்லப்பட்டவர்களில் ஓராண்டுக்குள் நிறுத்தியவர்கள் 11 சதவீதம். வழக்கமான முறையில் கொடுக்கப்பட்டவர்களில் 42 சதவீதம். என்ன வரும் என்று தெரிந்தவர்கள் அதைத் தாங்கும் வழியையும் தெரிந்துகொள்கிறார்கள்.

ஆணுக்கு ஒரு அளவுகோல், பெண்ணுக்கு ஒன்றா?

ஆண்களுக்கான ஹார்மோன் கருத்தடை ஊசிச் சோதனை ஒன்று இந்தியா உள்பட 7 நாடுகளில், 320 ஆண்களிடம் நடந்தது. கருவைத் தடுப்பதில் அது நல்ல பலன் தந்தது. ஆனால் மனநிலை மாற்றம், மனச்சோர்வு, வலி உள்ளிட்ட பாதிப்புகளைப் பார்த்து, 2011இல் பாதுகாப்பு மறுஆய்வுக் குழு அதை நிறுத்தச் சொன்னது. பங்கேற்ற ஆண்களில் முக்கால்வாசிக்கு மேற்பட்டோர் தொடர்ந்து பயன்படுத்தத் தயார் என்று சொல்லியிருந்தும் நிறுத்தப்பட்டது. அந்த எச்சரிக்கையை நான் குறை சொல்லவில்லை. ஓர் ஆணின் மனச்சோர்வு அவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்ளப்பட்டது நியாயம். அதே நியாயம் பெண்ணின் மனச்சோர்வுக்கும் வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

2019-21 கணக்கெடுப்பின்படி, நாட்டில் ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷன் 0.3 சதவீதத்தில் நின்றது. தழும்பில்லாத, சிறு சிகிச்சை அது. குடும்பத்தில் ஒருவர் உடம்பு சிரமப்பட வேண்டுமென்றால் அது பெண்ணின் உடம்பாகவே இருக்க வேண்டும் என்று எழுதப்படாத சட்டம் இருக்கும்வரை, மாத்திரையின் பக்கவிளைவு அவளுடைய தனிப்பட்ட தொல்லையாகவே பார்க்கப்படும். அவள் சாப்பிடும் மாத்திரை கணவருக்கும் சேர்த்துத்தான். குமட்டும் நாளில் அடுப்படி வேலையை அவர் எடுத்துக்கொள்வது பெருந்தன்மை ஆகாது, பங்குதான்.

உடனே செய்யக்கூடியவை

இதற்குப் புதிய கட்டடமோ பெரிய நிதியோ தேவையில்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் 2021 முதல் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். மாத்திரை தொடங்கிய பெண்களையும் அவர்கள் பார்க்கும் பட்டியலில் சேர்க்கலாம். மூன்றாவது மாதம் ரத்த அழுத்தம் பார்த்து, எப்படி இருக்கிறது என்று தனியாகக் கேட்கலாம். 104 மருத்துவ உதவி எண்ணில், வீட்டில் வாய் திறக்க முடியாத பெண் பேசுவதற்குப் பயிற்சி பெற்ற பெண் ஆலோசகர்களை அமர்த்தலாம். அரசு தரும் ஒவ்வொரு அட்டையோடும் எளிய தமிழில் ஒரு தாள் வர வேண்டும். தனியார் மருத்துவர்கள், எழுதித் தருவது கருத்தடை மாத்திரையிலும் இருக்கும் ஹார்மோன்தான் என்பதை அந்தப் பெண்ணிடம் நேராகச் சொல்ல வேண்டும்.

ஒத்துக்கொள்ளாத பெண்ணுக்கு மாற்று வழிகள் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கி 1991இல் சந்தைக்கு வந்த, இப்போது ‘சாயா’ என்ற பெயரில் அரசு தரும் மாத்திரையில் ஸ்டீராய்டு ஹார்மோன் கிடையாது. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. அதிலும் மாதவிலக்கு தள்ளிப்போகலாம். அதையும் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். காப்பர்-டி, ஆணுறை, ஹார்மோன் அளவு குறைந்த வேறு மாத்திரை என ஒவ்வொன்றின் நல்லது கெட்டதையும் எடுத்து வைத்து, தேர்வை அவளிடம் விட வேண்டும்.

பெண்களிடம் ஒரு வேண்டுகோள். தொல்லை வந்தால் சகித்துக்கொண்டே இருக்காதீர்கள். யாரிடமும் கேட்காமல் பாதியில் நிறுத்தவும் வேண்டாம். போய்ச் சொல்லுங்கள். காது கொடுக்காத மருத்துவரை மாற்றுங்கள். மருந்தின் பாதகமான விளைவுகளை நோயாளிகளே நேரடியாகத் தெரிவிக்க மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தில் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. அங்கே பதிவாகும் ஒவ்வொரு புகாரும், அடுத்த பெண்ணுக்கு எந்த மாத்திரையை எப்படிக் கொடுப்பது என்ற முடிவுக்குச் சான்றாகும். பெண்கள் சொன்னதைக் கேட்டுத்தான் இந்த மருந்து இதுவரை திருந்தியிருக்கிறது. இனி திருந்தப்போவதும் அப்படித்தான். பெண்கள் சொல்வதைப் பதிவுசெய்யும் ஏற்பாட்டை ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இந்த ஆண்டே தொடங்குவது அரசின் கடமை.